ஒட்டாதது

டி.எச். ரோட்டில் கடை வாசலில்
ஒரு கறுப்பு பானெட்டைத் தனியாக மாட்டியிருக்கிறான் நூருல்லா.
கார் இல்லாத பானெட்.
பாதிக்குப் பூச்சு போட்டது, பாதிக்குப் போடாதது.
ஸ்ப்ரேயை அழுத்துகிறான்.
இந்தப் பக்கம் தண்ணீர் அழுதுவடிகிறது,
அந்தப் பக்கம் உருண்டு ஓடுகிறது.
"தாமரை இலை மாதிரிக்கா. எதுவுமே ஒட்டாது.
ரெண்டு வருசம் கேரண்டி."

பதினெட்டாயிரம்.

நான் எர்ணாவூர்க்காரி.
ஒட்டாத பொருள் ஒன்றை
இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.
எங்கள் பக்கம் எல்லாமே ஒட்டும்.
கடலிலிருந்து உப்பு, வடக்கிலிருந்து சாம்பல்,
கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் சிக்னலில் நின்றால்
பெயர் தெரியாத ஒரு பிசுக்கு.
காற்று எந்தத் திசை என்று
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைக் கேட்டால் சொல்லும்.

கார் கருநீலம். எனக்கு முன்னால் ஏழு வருடம் ஓடியது.
நம்ம ஏரியாவுக்கு நீலமா,
சாம்பல் கலர் கிடைக்கலையா என்றாள் நாத்தனார் ஜோசப்பின்.
முப்பத்தொரு தவணை பாக்கி.
அதுவரை பெயிண்ட் பைனான்ஸ்காரனுடையது,
அழுக்கு மட்டும் என்னுடையது.

முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பில்தான் கழுவினேன்.
என்ன நுரை, என்ன பளிச்!
மூன்றாம் மாதம் கூரைக்கு
துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடப் பாவாடை நிறம்.
அப்புறம் ஒருநாள் காலை ஐந்து மணி சவாரி, அவசரம்,
காய்ந்த துணியால் ஒரே இழுப்பு.
வெயில் ஏறியதும் பார்த்தால்
கதவெங்கும் சிலந்தி வலை.
சாம்பல் என்று நாம்தான் சொல்கிறோம்.
அது அரைத்த கண்ணாடி.

நூருல்லா பொறுமைசாலி. புட்டி புட்டியாக இறக்குகிறான்.
"இது புளிப்பும் இல்ல, காரமும் இல்ல, நடுவாந்திரம்.
போட்ட மெழுகை அரிக்காது."
மூடியைத் திறந்து முகர்கிறேன். செர்ரி வாசனை.
பன் மேல் ஒட்டியிருப்பதைத் தவிர
எங்கள் வீட்டில் யாரும் செர்ரி தின்றதில்லை.

"பூச்சே போட்டுக்கக்கா. தண்ணி ஊத்துனா போதும்."

எந்தத் தண்ணி?
போர் தண்ணீர் காய்ந்தால் உப்பில் கோலம் போடும்.
லாரி ஒருநாள் விட்டு ஒருநாள், வீட்டுக்கு எட்டுக் குடம்.
அங்கேயே நின்று விரல் விட்டேன்.
குடிக்க, ஆக்க, பிள்ளைகள் தலைக்கு ஊற்ற.
காருக்கு ஒன்றரை.
எந்தப் புட்டியின் முதுகிலும் இந்தக் கணக்கு இல்லை.

நடுவாந்திரத்தில் சின்னது ஒன்று எடுத்தேன்.
தடித்த துண்டு இரண்டு;
என் மகனை முதன்முதலில் சுற்றிய துணியைவிட மெத்தென்று இருந்தது,
கொஞ்சம் கோபம் வந்தது.
மெழுகு ஒரு டப்பா. மூன்று மாதம் தாங்குமாம்,
அதாவது மூன்று தவணை.
பூச்சு அந்த பானெட்டுக்கே இருக்கட்டும்.
அது எங்கேயும் போகப்போவதில்லை.

ஞாயிறு, விடியவில்லை.
முதல் அரைக் குடத்தை ஊற்றினேன், கை படாமல்.
போகிறது தானாகப் போகட்டும் என்று.
பிறகு நுரை, கூரையிலிருந்து கீழே.
பிறகு மெழுகு, விளக்கு வெளிச்சத்தில், கை கடுக்க.
பல் விளக்கிக்கொண்டே யேசுபாதம் அண்ணன் சொன்னார்,
"ஏம்மா, மத்தியானம் மறுபடி விழப்போவுது."
"விழட்டும். ஒட்டாது."
சொன்ன பிறகுதான் கேட்டது,
என் வாயில் நூருல்லா குரல்.

கையில் மிஞ்சியதைத் தெளித்துப் பார்த்தேன்.
முத்து முத்தாக நின்றது.
குனிந்தால் ஒவ்வொரு முத்திலும்
ஒரு புகைபோக்கி, தலைகீழாக.
எண்ணுவதற்குள் போன் அடித்தது.
விமான நிலையம். மூன்று பை. ஆறு நிமிடம்.

ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை.
மேம்பாலம் ஏறும்போது எதிரே எல்லாம் மங்கல்.
பனி என்று நினைத்து வைப்பரைப் போட்டேன்.
கண்ணாடியைக் கழுவவே இல்லை நான்.