ஆணிப்பலகை

தீர்ப்பில் இப்படி எழுதியிருந்தது:
வீடு ரைமோவுக்கு.
படகும், பனி தள்ளும் வண்டியும் ரைமோவுக்கே.
நாய் எனக்கு.
ஹெம்லாக் காட்டுப் பரண் மட்டும் இருவருக்கும்,
வாரம் மாற்றி வாரம்.
சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே
இப்படியொரு தீர்ப்பைப் படித்ததே இல்லையென்று
வக்கீல் லிண்ட்குவிஸ்ட் சிரித்தார்.
சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பில் வந்தது.

செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்த்தேன்.
இருக்கையின் வயிறு கிழிந்து
மஞ்சள் பஞ்சு பரண் முழுக்க,
கீழே பெரணிச் செடிகள்மேல் முழுக்க.
துப்பாக்கி சாய்க்கும் கம்பியில் ரப்பரைக் காணோம்.
கூரைத் துணியில் நீளமாய் நாலு கீறல்,
நாலுக்கும் நடுவே ஒரே இடைவெளி.
கத்தி என்று நினைத்தேன்.
மீன் அறுக்கிற அவன் கத்தி.
பதினெட்டு வருஷம் ஒருவனோடு இருந்தவளுக்கு
அவன் கோபத்தின் அளவு தெரியாதா?

ஃபோன் போட்டேன்.
சொல்லக்கூடாததைச் சொன்னேன்.
செத்துப்போன அவன் அம்மாவையும் இழுத்தேன்.
மறுமுனையில் ரேடியோவில்
யாரோ கோல் போட்டார்கள்.
எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்:
"பஞ்சுல எச்சில் இருக்கா, பாத்தியா?"

இருந்தது.
காய்ந்து, பசை மாதிரி.
ஏணியின் மூன்றாவது போல்ட்டில்
ஒரு கொத்துக் கறுப்பு முடி.
நாய் அதை முகர்ந்துவிட்டு
என் காலுக்குப் பின்னால் போய் நின்றது.

பெட்ரோல் பங்க் யூஜின் சொல்கிறான்:
கரடி மூக்குக்கு அந்தப் பஞ்சு
எறும்புப் புற்று மாதிரி மணக்குமாம்.
உள்ளே ஒன்றும் இல்லையென்று தெரிந்தும்
மறுபடி வந்து தோண்டுமாம்.
நிஜமோ பொய்யோ.
எனக்கு அதை நம்புவது சிரமமாக இல்லை.

அம்மோனியாவில் துணி நனைத்துக் கட்டினேன்.
கோர்ட்டில் வராத கண்ணீரெல்லாம்
அன்றைக்கு வந்தது.
கரடி துணியைக் கழற்றிச்
சேற்றில் மிதித்துவிட்டுப் போயிருந்தது.
மிளகாய்ப்பொடி தூவினேன்,
இரண்டு மழை.
கடைசியில் பழைய கூரைத் தகரத்தைப்
பரண் கால்களில் ஆளுயரத்துக்குச் சுற்றி அறைந்தேன்.
இருட்டிவிட்டது.
ஓரங்களை மடக்காமலே வந்தேன்.

அடுத்தது அவன் வாரம்.
அதற்கடுத்து நான் போனபோது
தகர ஓரமெல்லாம் உள்ளே மடங்கி
கை வைத்தால் கிழிக்காதபடி இருந்தது.
ஏணியின் கீழ்ப்பாதியைக் கழற்றி
மேலே சங்கிலி போட்டுத் தூக்கியிருந்தான்.
பஞ்சு இருக்கை போன இடத்தில்
ஒரு மேப்பிள் பலகை.
உட்கார்ந்து பார்த்தேன்.
அரைமணிக்குமேல் இடுப்பு தாங்காது.
கரடிக்கு அதில் ஆசை வராது, அது சரி.
சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.
அவன் எப்போது எழுதினான்.

என் பங்குக்கு ஆணிப்பலகை செய்தேன்.
ஒட்டுப்பலகை, நாலுக்கு மூன்றடி,
நூற்று நாற்பது ஆணி, முனை வானத்தைப் பார்க்க.
ஏணியடியில் பதித்து
மேலே இலைச்சருகு தூவி
நானே பார்த்து மெச்சிக்கொண்டு
வண்டிவரை வந்துவிட்டேன்.
சாவியும் போட்டாயிற்று.

நாளைக்கு அவன் வாரம் ஆரம்பம்.
விடியுமுன் வருவான்.
டார்ச் அடிக்க மாட்டான், மான் மிரளும் என்பான்.
அந்த பூட்ஸின் அடி காகிதமாய்த் தேய்ந்தது.
புதுசு வாங்கு, புதுசு வாங்கு என்று
சொல்லி ஓய்ந்தவள் நான்தான்.

அரை மைல் திரும்ப நடந்தேன்.
கயிறு எதுவும் கொண்டுவரவில்லை.
நாயின் கயிற்றை அவிழ்த்துப்
பலகைக்கு நாலடி முன்னால்
இரண்டு மரத்துக்கும் குறுக்கே கட்டினேன்.
கரடி குனியாமலே அடியில் நுழைந்துவிடும்.
மனிதன் நெஞ்சில் இடித்து நிற்பான்.

நின்று பார்த்தேன்.
என் நெஞ்சுக்குத்தான் சரியாக இருந்தது.
அவிழ்த்து
ஒரு சாண் ஏற்றிக் கட்டினேன்.