இருபத்தெட்டுக் காய்ச்சல்

செவ்வாய்தோறும் நாற்பத்தாறு வாசல்.
கப்பியத்தாவின் செம்மண்
என் படிவங்களின் ஓரம்வரை ஏறிவிட்டது.

காய்ச்சல்? இல்லை.
மூட்டு வலி? இல்லை.
தடிப்பு?
இல்லை நிமியா, உட்கார், தெரெரே குடி.
ஐஸ் மிதக்கும் கொம்புக் குவளை
கைமாறி வருகிறது.

பாதிப் பேருக்குத் தடுப்பூசி,
பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர்.
யாருக்கு எதுவென்று
அசுன்சியோனில் ஒரு கணினிக்குத்தான் தெரியும்.
இருபத்தெட்டுப் பேர் விழுந்தால் அது வாய் திறக்கும்.
இரண்டு மழைக்காலத்தில் மூன்றே பேர்.
அதிலும் ஒன்று டெங்கு.

அதற்கு முந்தைய கோடையில்
வீட்டுக்கு மூவர் கூனிக் கிடந்தார்கள்.
அப்போது அனுமதிக் கடிதம்
மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது.
குப்பிகள் குளிர்பெட்டியில் இறங்கிய வாரம்
வாடகை பாக்கி வைத்தவனைப் போல
சிக்குன்குன்யா
சொல்லாமல் ஊரைக் காலி செய்திருந்தது.

பஞ்சர் கடை எலாடியோவை நாங்கள் சேர்க்கவில்லை.
அவர் ரத்தத்தில் அது ஏற்கனவே கையெழுத்திட்டிருந்தது.
விரல்கள் இன்னும் முழுதாக மடங்காது.
பேருந்தில் சில்லறையை உள்ளங்கையில் விரித்து நீட்டுவார்,
ஓட்டுநரே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று.
"கொசுவுக்காகக் கக்குப்பே மாதாவிடம்
ஒரு மெழுகுவர்த்தி ஏற்றட்டுமா?" என்றார்.
சிரித்தேன்.

அன்றிரவு தகரத்தில் மழை.
நான் முதலில் நினைத்தது
அவர் கடையின் பழைய டயர்களில் தேங்கப்போகும் நீரை.
ஆசையாக.
எனக்கும் ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள்.
எழுந்து போய்
போர்வையை அவள் பாதம்வரை இழுத்துவிட்டேன்.

மார்ச்சில் கூட்டம்.
இனிக் காய்ச்சலை எண்ண வேண்டாம்,
ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தால் போதும்.
குரங்குகளிடம் பார்த்தாயிற்று.
இந்தக் கோட்டைத் தாண்டினால்
காக்கும் என்று நம்பலாம்.
நம்பலாம் என்ற இடத்தில்
டாக்டர் ஒர்ரேகோ தண்ணீர் குடித்தார்.
அடுத்த குப்பி வேறு வகையாம்:
கிருமியின் ஓடு மட்டும், உள்ளே ஆளில்லாத வீடு.
அதற்கும் அடுத்தது வெறும் கடிதம்,
உடம்பே படித்து உடம்பே செய்துகொள்ளும்.
குறித்துக்கொண்டேன்.
ஓரத்தில் எழுதினேன்: அளவுகோலுக்கு
முன்பு நோய்ப்பட்டவரின் ரத்தம் வேண்டும்.

அப்படித்தான் எலாடியோ நாற்பத்தேழாவது வாசலானார்.
ஜாக்கியைத் தள்ளிவைத்து
கிரீஸ் துடைத்து
முழங்கையை டயர் அடுக்கின் மேல் வைத்தார்.
கையை மூடுங்கள் என்றேன், பழக்கத்தில்.
விரல்கள் பாதியில் நின்றன.
இருவருமே அவற்றைப் பார்த்தோம்.
ரப்பர் பட்டையை இன்னொரு சுற்று சுற்றினேன்.
நரம்பு
நன்றாகவே எழுந்தது.