முறைப்பாசனம்

அன்வர்தீன் செட்டாப் பாக்ஸைத் திரும்ப எடுத்துப் போனது
சித்திரைக் கடைசியில்.
பாக்கி இருநூற்று எண்பதை
அவரும் கேட்கவில்லை, நானும் எடுத்து வைக்கவில்லை.
அவருடைய கறுப்பு வயரில்
எங்கள் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.
"இது இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அதற்கும் முன்னால் மாடியில் ஒரு டிஷ்.
வேதாரண்யத்தில் தூறல் விழுமுன்பே
தலைஞாயிற்றில் எங்கள் டிவி
சிக்னல் இல்லை என்று சொல்லிவிடும்.
மழை வருமா என்று கேட்க மட்டும்
அது நல்ல டிஷ்.

இப்போது டிவியின் முதுகில்
விரல் நீளக் குச்சி ஒன்று, திருவாரூரில் வாங்கியது.
அதற்குத் தீனி அவர் போனிலிருந்து,
ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி.

வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் லஸ்கர்.
பகலில் ஷட்டர் திருகுவார்:
மேலே ஆறு நாள், கீழே ஆறு நாள்.
இரவில் ஹாட்ஸ்பாட் திறப்பார்.
ரித்திகாவுக்கு நர்சிங் பாடம், ஏழிலிருந்து எட்டு.
கௌசிக்குக்குக் கடைசி ஐந்து ஓவர்.
எனக்கு ஒன்பது மணி நாடகம்.

ஆக, இந்த வீட்டில் நான்தான் கடைமடை.
கௌசிக் கள்ளத்தனமாய்
ஒன்பது ஓவர் பார்த்த அன்று
என் சாரதா
சதுரம் சதுரமாக அழுதாள்.

மேட்டூருக்கு ஜூன் பன்னிரண்டு,
எங்களுக்கு இரவு பன்னிரண்டு.
அதுவரை விழித்திருப்பவர் முதலில் பாய்ச்சிக்கொள்ளலாம்.
நாற்று விட்ட வீட்டில் யார் விழித்திருப்பது?

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை,
ஒன்பது பத்துக்கு மணி அடித்தது.
உம்பளச்சேரி பவுனம்மாள்.
"ஒரு சொட்டு வரல சார், மேல எவனோ மறிச்சிருக்கான்."
சட்டை, டார்ச், ஷட்டர் சாவி,
போன்.
போனை வைத்துவிட்டுப் போங்கள் என்று
எப்படிச் சொல்வது?

வண்டி தெருமுனை திரும்பியது.
மதகை அடைத்த பிறகும்
கொஞ்ச தூரம் தண்ணீர் ஓடுமில்லையா,
அப்படி நாடகம் பதினோரு நொடி ஓடியது.
சாரதா கடிதத்தைப் பிரித்தாள்.
"இது" என்றாள்.
திறந்த வாயோடு நின்றாள்.
மூக்கின் மேல் வட்டம் சுற்றியது.

கொல்லைச் சுவரோரம் இரண்டு கோடு காட்டுதும்மா
என்று ரித்திகா கத்தினாள்.
அது அன்வர்தீன் வீட்டு வைஃபை.
இப்போது அவர் ஃபைபர் கொடுக்கிறார்,
பாதித் தெரு அவரிடம் திரும்பிவிட்டது.
"பாஸ்வேர்டு கேக்கட்டா?"
இருநூற்று எண்பது நினைவுக்கு வந்தது.
வேண்டாம் என்றேன்.

இரண்டரைக்கு வந்தார்,
முழங்கால்வரை சேறு.
சோறு வேண்டாமென்று கையைத் துடைத்துப்
போனைத் தட்டினார்.
டிவி விழித்தது.

டார்ச் வெளிச்சத்தில் ஷட்டர்ப் பலகை.
அடியில் பழுப்பு நுரை,
ஒற்றைச் செருப்பு,
ஆகாயத்தாமரை ஒரு கொத்து
சுழன்று சுழன்று நிற்காமல் போகிறது.
இருட்டில் பவுனம்மாள்
"வந்துட்டு, வந்துட்டு" என்று
யாரையோ எழுப்புகிறாள்.
நான்கு நிமிடம். விளம்பரம் கிடையாது.
"இதுக்கு ஜிபி செலவில்ல" என்றார்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன்.
செருப்பு வருமுன்பே தூங்கிவிட்டார்,
போன் நெஞ்சின்மேல்,
மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

மெல்ல எடுத்தேன்.
புது நாள். முழுசாக ஒன்றரை.
சத்தத்தை இரண்டில் வைத்தேன்.
ஒன்பது மணியிலிருந்து
வாயைத் திறந்தபடி நின்ற சாரதா
"என் மகன் கையெழுத்து இல்ல" என்று சொல்லி
ஒருவழியாக மூடினாள்.