ஏழாம் எண் பூட்டு

இரவு ஒன்பதே முக்காலுக்கு
மின்பெட்டியின் கைப்பிடியில்
ஒரு சிவப்புப் பூட்டு மட்டும் மிச்சம்.
ஏழாம் எண். ஜெனோவா.

கூண்டைக் கழுவ இறங்கிய மற்ற ஐந்து பேரும்
அவரவர் பூட்டை அவரவர் கழற்றி
ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

உள்ளே அந்தக் கை
பாதி மடங்கி நின்றது,
எதையோ எடுக்க வந்து மறந்துபோன மாதிரி.
மண்டபத்துக்கு அது வந்து பதினோரு மாதம்.
நாலு பேர் தூக்கும் ஐஸ் பெட்டியை ஒன்றாய்த் தூக்கும்.
எதிரே நிற்பது தூணா, பிள்ளைத்தாய்ச்சியா,
அதற்குத் தெரியாது.
தெரியாது என்பதைத்தான்
நண்டு உடைக்கும் பெண்களிடம்
வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் கோடு போட்டேன்.
ஒளித்திரை வைத்தோம்,
ஒரு விரல் குறுக்கே போனாலும் கை நிற்கும்.
கச்சான் வீசும் மாதங்களில்
விரல் எதுவும் போகாமலே நிற்கும்.
கண்ணாடியில் படியும் உப்பும்
அதன் கணக்கில் ஓர் ஆள்.
ஒரு ஷிஃப்டில் ஒன்பது தடவை
பழைய பனியனால் துடைத்திருக்கிறேன்.
"ஆளில்லாத எடத்துல ஆளப் பாக்குது,
பேய் புடிச்ச மிஷினு" என்று சிரிப்பார்கள்.
பார்க்கட்டும்.
இல்லாத ஆளுக்காக நின்றால்
ஐஸ்தான் கரையும்.

திருமேனி சார் கட்டரோடு வந்தார்.
நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி.
"வீட்டுக்குப் போயிருப்பா. வெட்டிரு."

போயிருப்பாள்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
'இருப்பாள்' இருக்கிறது, சார்.

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு கட்டரைத் தரையில் வைத்துவிட்டு
கன்வேயருக்கு அடியில் முழங்கால் ஈரமாகக் குனிந்து
"ஜெனோவா, ஏ ஜெனோவா" என்று
அவரும்தான் கூப்பிட்டார்.
டார்ச் வெளிச்சத்தில் நண்டு ஓடு, ரப்பர் கையுறை ஒன்று.
கேட்டில் சீனி காசிமின் நோட்டில்
அவள் வெளியேறிய கையெழுத்து இல்லை,
இஷா தொழுகைக்குப் போன பத்து நிமிடம் அது.
அவள் செல்போன் அணைந்து கிடந்தது.

ஸ்கூட்டியை எடுத்தேன்.
பாலத்தின் மேல் காற்று
வண்டியை ஒரு முழம் நகர்த்தி நகர்த்தி வைத்தது.
கீழே இருட்டில் எங்கோ படகுகள் இடித்துக்கொண்டன.

பாம்பனில் மூன்றாவது தட்டலுக்குக் கதவு திறந்தது.
நைட்டி, தோளில் துண்டு, துண்டின் மேல் தூங்கும் பிள்ளை.
எனக்குக் கால் நடுங்கியதை
அவள் பார்த்திருக்க மாட்டாள்.

"ஐயய்யோ, தூக்குச்சட்டிப் பையிலல்ல கெடக்கு.
இந்தாங்க அக்கா, நீங்களே தொறந்துக்கங்க."

"நீ பூட்டுனது. நீதான் வரணும்."

"ஒங்க மிஷினுக்குக் கொள்ளி வைக்க."

திட்டிக்கொண்டே ஏறினாள்.
பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவே,
விழிக்கவே இல்லை, பாலம் முழுக்க.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்
சீனி காசிம் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.
நைட்டியோடு நடந்து போய்
நோட்டில் கையெழுத்திட்டு
ஏழாம் எண்ணைத் திறந்தாள்.
க்ளிக்.
எல்லாரும் வெளியே, எண்ணியாயிற்று, இரண்டு தடவை.
சுவிட்சைப் போட்டேன்.
கை நிமிர்ந்து
விட்ட இடத்திலிருந்து பெட்டியைத் தூக்கியது,
நடுவே ஒன்றுமே நடக்காததுபோல.

"அறுத்திருந்தா என்னக்கா ஆயிருக்கும்?"

ஒன்றும் ஆகியிருக்காது.
நீதான் வீட்டில் இருந்தாயே.

"அப்பறம் எதுக்கு இவ்வளவும்?"

கண்ணாடியில் மறுபடி உப்பு.
பனியனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாவியை
உத்தரியக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தாள்.
எனக்கு ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது:
இரண்டே கால் மணி நேரம் உற்பத்தி நிறுத்தம்,
காரணம் எழுதவும்.

எழுதினேன்:
ஜெனோவா வீட்டில் இருந்தாள்.
எங்களுக்குத் தெரியவில்லை.