தொடர்புக்கு

பதினோராயிரம் ரூபாய்க்கு
அண்ணமார் மோட்டார் ஒர்க்ஸுக்கு
ஒரு வெப்சைட் வந்தது.
செய்தவன் சூலூர்ப் பையன், லோகேந்திரன்.
திறந்தால் முதலில் ஒரு பூமிப்பந்து சுற்றும்.
அது நிற்பதற்குள்
காரணம்பேட்டை நால்ரோட்டில்
ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.
பிறகு கோட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள்
கைகுலுக்குவார்கள்.
யாருப்பா இவங்க, என்றேன்.
நம்பிக்கைங்க்கா, என்றான்.

பட்டறையில் இருப்பது
ஒரு வைண்டிங் மிஷின், பாலி ஒயர் நாலு சுருள்,
நான், ராக்கியண்ணன்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத
ஐந்து வழி இருந்தது.
காரணத்துக்கு எத்தனை ஏ, பேட்டைக்கு எத்தனை டி?
போர்டில் ஒன்று, ஜிஎஸ்டியில் ஒன்று,
கரண்டு பில்லில் வேறொன்று.
எல்லாம் ஒரே கடைதான் என்று
மனுசருக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியவில்லை.
அது எங்களைக் கொண்டுபோய்
ஜல்லி கிரஷருக்குள் நட்டு வைத்திருந்தது.
எரிந்த மோட்டாரை டெம்போவில் ஏற்றி வந்தவர்கள்
வெள்ளைத் தூசிக்குள் நின்று
ஹாரன் அடித்தார்களாம்.

அதையும் திருத்தினோம்.
மாதம் ஐநூறு பேர் வந்து பார்க்கிறார்கள் என்று
லோகேந்திரன் படம் போட்டுக் காட்டினான்.
ராக்கியண்ணன் கேட்டார்:
"அத்தன பேரும் எங்கீங் ஒக்காந்துட்டுப் போனாங்க?"
எங்களிடம் ஒரு ஸ்டூல்தான்.

'தொடர்புக்கு' என்று கடைசியில் ஒரு பக்கம்.
பெயர், கைபேசி, செய்தி: மூன்று பெட்டி.
அதில் போட்டது எங்கே போய் விழுகிறது என்று
நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.
புரட்டாசியில் பழைய பில்புக்கைக் கிழிக்க எடுத்தபோது
பின்னட்டையில் அவன் கையெழுத்து:
ஒரு மெயில், ஒரு பாஸ்வேர்டு.

அறுபத்தெட்டு கிடந்தன.
உங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்
என்று மட்டும் நாற்பத்தொன்று.
நடுவில், சித்திரை மாதத்து ராத்திரி ஒன்றே முக்காலுக்கு,
கருணைவேல், கேத்தனூர்:
"ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள் எரிஞ்சு போச்சுங்.
கோழி நாலாயிரம் இருக்குது.
இப்பவே வந்தாலும் செரி."
இரண்டரைக்கு:
"யாராச்சும் பாக்கறீங்களா."
நாலு பத்துக்கு
வெறும் போன் நம்பர், பத்து இலக்கம்,
கூட ஒரு சொல் இல்லை.

அந்த ராத்திரி நான் பட்டறை மாடியில்தான் படுத்திருந்தேன்.
போன் தலைமாட்டில் இருந்தது.
சத்தமாகத்தான் வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டேன்.
"அப்பவே பல்லடத்துல கட்டி எறக்கியாச்சுங்," என்றார்.
கோழி?
"டேங்கர் வர மத்தியானம் ஆயிப்போச்சு. கொஞ்சம் போச்சு."
கொஞ்சம் என்றால் எத்தனை என்று
கேட்க வாய் வரவில்லை.
அவரே சொன்னார், கோபமில்லாமல்,
சைஸ் கேட்கிற மாதிரி:
"கதவத் தொறந்து லைட்டும் போட்டு வச்சுட்டு
உள்ள ஆளில்லீன்னா
அது எதுக்குங்?"

பூமிப்பந்தை நிறுத்தச் சொன்னேன்.
வெள்ளைக்காரர்களை அனுப்பிவைத்தோம்.
மூன்று பெட்டியையும் எடுத்தாயிற்று.
திறந்ததும் முதல் வரியில்,
விரல் பட்டால் மணி அடிக்கிற மாதிரி, என் நம்பர்.
அதன் கீழ் ராக்கியண்ணனின் கை, ஸ்டேட்டருக்குள் ஒயரைத் தள்ளியபடி.
நகத்துக் கருப்பை அழிச்சரட்டுமாங்க்கா, என்றான் லோகேந்திரன்.
கை வெச்சீன்னா பார்த்துக்கோ, என்றேன்.
'ராத்திரியிலும் கூப்பிடலாம்'
இந்த வரிக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.
போட்டால் எடுக்க வேண்டுமே.
போட்டேன்.

பார்க்கிறவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்கிறான் அவன்.
இருக்கட்டும்.

நேற்று மூன்று மணிக்கு மணி அடித்தது.
தூக்கத்தோடு எடுத்தேன்.
"ஒண்ணுமில்லீங், எடுக்கறீங்களான்னு பாத்தேன்."
கேத்தனூர்க் குரல்தான் என்று நினைக்கிறேன்.
வைக்கவில்லை அவர். நானும் வைக்கவில்லை.
பின்னால் தொட்டியில் தண்ணீர் விழுந்தது,
விட்டு விட்டு, காத்தும் தண்ணியுமாக.
சித்தெ நேரம் கேட்டுவிட்டு
இன்னும் ரண்டு லென்த் எறக்கோணுங், என்றேன்.