ஆண்டுக்கு நான்கு நாள்

கணக்கு போட்டது நான்தான், வெர்லின்.
டீசல் வண்டிக்கு ஒன்பதாயிரம் டாலர் கூடுதல்.
இரண்டு குதிரை, வைக்கோல், தண்ணீர்த் தொட்டி என்று
நாம் டிரெய்லர் இழுப்பது ஆண்டுக்கு நான்கு நாள்.
மற்ற நாளெல்லாம்
தபால் நிலையம், தீவனக் கடை, உன் பல் டாக்டர்.

விற்கிற பையன் பானெட்டைத் திறந்ததும்
நீ குனிந்து நின்ற பக்தி,
கல்யாணத்தன்று பாதிரியார் முன்கூட
அப்படி நின்றதில்லை.
மூன்று ராத்திரியும் சாப்பாட்டு மேசையில்
"இழுவை, இழுவை" என்றாய்.
நான் ஜனவரியைச் சொன்னேன்:
வயோமிங் குளிரில் டீசல் மெழுகாய் உறைந்து
உன் தம்பி காஸ்பர் சாலையில் கிடந்த ராத்திரியை.

பெட்ரோல் வண்டிதான் வந்தது.

இன்று கணவாய் ஏற்றம்.
இரண்டாம் கியரில் எஞ்சின் அலறுகிறது.
பின்னால் செவலைக் குதிரை
பலகையை உதைத்துக்கொண்டே வருகிறது.
டீசல்காரர்கள்
முக்காமல் முனகாமல் தாண்டிப் போகிறார்கள்.
ஒருவன் தொப்பியைக் கழற்றினான்,
சவ வண்டியைக் கண்டவன் மாதிரி.

நீ எதுவும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெட்ரோல் முள் சாய்வதை
பார்க்காத மாதிரி இருவரும் பார்க்கிறோம்.
உச்சிக்கு இன்னும் பதினோரு மைல்.
நான்கில்
இது முதல் நாள்.