ஞாயிற்றுக்கிழமை மழை

ஆறாம் வகுப்பின் கரும்பலகையில்
சோக்கால் ஒரு வேலி.
வேலிக்குள் ஐந்து ஊர்கள், மில்லிமீட்டர்கள்.
கீழே எனக்கென்று பெரிய எழுத்தில்:
அழிக்க வேண்டாம், தயவுசெய்து.
சுற்றித் துடைத்தேன்,
தூங்கும் பிள்ளையைச் சுற்றிக் கூட்டுபவள் போல.

பீர்ஸ் என்பது ஆற்றின் பெயர்.
மூத்தியேயில் அதற்குப் பிரெஞ்சு,
லௌஃபனுக்கு வரும்போது ஜெர்மன்,
பாசலில் ரைனில் விழுந்ததும் பேச்சு நின்றுவிடும்.
ஊருக்கொரு பள்ளிக்கூடம்,
பள்ளிக்கொரு மழைமானி.
எண்களை மட்டும் யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

ஜூலையில் பிள்ளைகள் கடலுக்குப் போனார்கள்.
சாவியைத் தந்தபடி ஹெங்கி ரீச்சர் கேட்டார்:
தரை மெழுக வருவீர்கள்தானே,
காலை ஏழுக்கு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்,
அந்தக் குழாயை ஒருமுறை பார்க்க முடியுமா?
பார்த்தேன்.
நாலு. பதினொன்றரை. சுழியம். சுழியம்.
ஒருநாள் குழாய்க்குள் நத்தை;
அதையும் எழுதினேன்.

ஒரு ஞாயிறு பேருந்தைத் தவறவிட்டேன்,
அடுத்தது இரண்டு மணிநேரம் கழித்து,
வீட்டில் மகனுக்குக் காய்ச்சல்.
திரும்பிவிட்டேன்.
திங்கள் காலை குழாயில் முப்பத்தொன்று.
திங்களுக்கு எழுதினேன்.
ஞாயிற்றின் கட்டம் வெறுமையாய் என்னைப் பார்த்தது.
வெறுமை எனக்குப் பிடிக்காது.
சுழியம் போட்டேன்.

ஆகஸ்டில் மேரெட், பல்லில் கம்பி போட்டவள்,
பலகைக்கு முன் நின்று கேட்டாள்:
மேலேயும் கீழேயும் ஞாயிறு மழை,
நடுவில் நமக்கு மட்டும் திங்களா?
மேகம் பேருந்தைத் தவறவிட்டதா?
வகுப்பு சிரித்தது.
வாளியோடு கதவருகில் நின்றவள் சொன்னேன்:
மேகமில்லை, நான்.

ரீச்சர் சுழியத்தை அழித்துச் சிறு கோடு இட்டார்.
மழை இல்லையென்றால் சுழியம்.
அளக்கவில்லையென்றால் கோடு.
இரண்டையும் குழப்பிவிட்டு
ஆற்றைக் குறை சொல்ல முடியாது.

போகும் வழியில் என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
பிறந்த நாள்: ஜனவரி ஒன்று.
கச்சேரி எரிந்தபோது என் பதிவும் எரிந்தது;
கட்டம் காலியாய் இருக்கக் கூடாதென்று
நேர்காணல் அதிகாரி
ஆண்டின் முதல் நாளைத் தூக்கித் தந்தார்.
இருபது வருடமாய் அன்றைக்குக் கேக் வெட்டுகிறேன்.
ஒரு கோடு போட்டிருக்கலாம்.

நவம்பரில், இரவு பதினொன்றுக்கு,
தொலைபேசி மினுங்கியது.
மூத்தியேயிலிருந்து ஓரியான்:
இரண்டு மணிநேரத்தில் நாற்பத்தாறு.
டெலமோன்: முப்பத்தெட்டு, இன்னும் கூடுகிறது.
மேரெட் பழைய அட்டவணையில் தேடினாள்,
இத்தனை பெய்தால் எத்தனை மணியில் நம் பாலம்.
ஐந்து மணிநேரம் இருந்தது.
தீயணைப்புக்காரர்கள் ஏற்கெனவே தெருவில்;
அவர்கள் கையிலும் அதே எண்கள்.
பேக்கரிக்காரர் மாமூட்டைகளை மாடிக்கு ஏற்றினார்.
நான் பள்ளி நிலவறையிலிருந்து
வரைபடங்களை, பியானோ முக்காலியை,
ஏனென்று தெரியாமல்
நத்தை எழுதிய அந்தக் கொப்பியை.

நாலுக்குச் சற்று முன் வந்தது தண்ணீர்,
சொன்ன பாலத்துக்கு, சொன்னபடி.
சொல்லாத இடத்துக்கும் வந்தது.
பிரான்சின் விளிம்பை உரசி வரும் லுட்செல் ஓடை;
அங்கே பள்ளி இல்லை, மானி இல்லை,
பலகையில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.
மருந்துக்கடையின் கீழ்த்தளம் மூழ்கிற்று.
இருமல் மருந்துப் போத்தல்கள்
விடியும்வரை தெருவில் மிதந்தன.

சனிக்கிழமை ஓடைக்குப் போனோம்.
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பால்பண்ணைக்காரர் வந்தார்,
பெயர் ஷ்மிட்லன், அதிகம் பேசாதவர்.
கம்பத்தை அவர் பிடிக்க, நான் சுத்தியல்.
யார் தினமும் வாசிப்பது? என்றாள் ஓரியான்.
தினமும் பால் கறக்கிறேன், என்றார்.
ஞாயிறும்?
மாட்டுக்கு ஞாயிறு தெரியாது.

இன்று மாலை பலகையில் ஆறாவது ஊர்.
அதன் கட்டங்களில் கோடு, கோடு, கோடு,
கடைசியில் ஒல்லியாய் ஓர் எண்: 0,3.
வேலி கொஞ்சம் அகலமாகிவிட்டது.
ஈரத்துணியைப் பிழிந்து
சுற்றித் துடைத்தேன்.